மான்செஸ்டர் சிட்டியைச் சாய்த்த போடோ/கிளிம்ட்: வடகோடி ஊர்க் கிளப் ஒன்றின் நூறாண்டுக் கணக்கு

2026 ஜனவரி 20. நார்வேயின் வடக்கே போடோ என்ற ஊரில், எட்டாயிரம் பேருக்குக் கொஞ்சம் மேல் மட்டுமே உட்காரக்கூடிய மைதானத்தில், மான்செஸ்டர் சிட்டி 3-1 என்று தோற்றது. எட்டு நாள் கழித்து அதே போடோ/கிளிம்ட் அணி மாட்ரிட்டுக்குப் போய் அட்லெடிகோவை 2-1 என்று வென்றது. இரண்டும் ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் ஆட்டங்கள். அந்த வாரம் கால்பந்து பார்க்கிற எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: யார் இவர்கள், எங்கிருந்து வந்தார்கள்?

'அதிசயம்' என்று சொல்லி முடித்துவிடலாம், பலர் அப்படித்தான் முடித்தார்கள். அந்தச் சொல்லில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்தக் கிளப்புக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அதில் முதல் அரை நூற்றாண்டு, நாட்டின் பெரிய போட்டிகளில் இவர்கள் ஆடவே அனுமதி கிடையாது. அந்தப் பகுதியை விட்டுவிட்டுப் பார்த்தால் இன்றைய வெற்றி வானத்திலிருந்து குதித்தது போலத்தான் தெரியும். எனவே அடியிலிருந்து வருவோம்.

ஊரும் பெயரும்

போடோ நூர்லாந்து மாகாணத்தின் தலைநகர். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, கடலை ஒட்டி இருக்கிறது. சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து மக்கள்தொகை 50,000-ஐச் சற்றுத் தாண்டும். வளைகுடா நீரோட்டத்தின் வெதுவெதுப்பால் துறைமுகம் உறைவதில்லை. ஜூன் மாதத்தில் நள்ளிரவிலும் சூரியன் மறையாது. டிசம்பரில் பகல் என்பது சில மணி நேர மங்கல் வெளிச்சம்தான்.

ஊருக்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று மீன். மற்றொன்று ராணுவம். 1940 மே 27 அன்று ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசியதில் ஊரின் நடுப்பகுதி எரிந்துபோனது. இன்று தெரியும் போடோ பெரும்பாலும் போருக்குப் பிறகு கட்டியது. பனிப்போர் காலத்தில் இங்கே பெரிய விமானப்படைத் தளம் இருந்தது. 1960-ல் சோவியத் யூனியன் சுட்டு வீழ்த்திய அமெரிக்க யு-2 உளவு விமானம் பெஷாவரிலிருந்து கிளம்பி இறங்க வேண்டிய இடம் போடோதான். விமானத் தளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கிளப் 1916 செப்டம்பரில் 'கிளிம்ட்' என்ற பெயரில் தொடங்கியது. நார்வே மொழியில் ஒளிக்கீற்று, மின்னல் வெட்டு என்று பொருள். அதே பெயரில் வேறொரு கிளப்பும் இருந்ததால், குழப்பம் தவிர்க்க 1948-ல் ஊர்ப் பெயரை முன்னால் சேர்த்து போடோ/கிளிம்ட் ஆனது. நடுவில் அந்தச் சாய்வுக்கோடு இருப்பதன் காரணம் இதுதான். சீருடை மஞ்சள். 1970-களிலிருந்து ரசிகர்கள் ஆளுயர மஞ்சள் பல் துலக்கும் பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வருகிறார்கள். டிவியில் அதைப் பார்த்துக் குழம்பியவர்களுக்கு: அது இந்தக் கிளப்பின் அடையாளம்.

பூட்டிய கதவு: 1963 வரை கோப்பை இல்லை, 1972 வரை லீக் இல்லை

நார்வே தெற்கு வடக்காக நீண்டு கிடக்கிற நாடு. ஆஸ்லோவிலிருந்து போடோவுக்குச் சாலை வழியே சுமார் 1,200 கிலோமீட்டர். மக்கள் தொகை, பணம், கால்பந்துச் சங்கத்தின் அலுவலகம் எல்லாம் தெற்கில். வடக்குக் கிளப்புகளைத் தேசியப் போட்டிகளில் சேர்க்க அந்தச் சங்கம் நெடுங்காலம் மறுத்தது. தூரம், பயணச் செலவு, குளிர்காலம் என்று காரணங்கள் வந்தன. வடக்கில் ஆட்டத்தின் தரம் குறைவு என்ற எண்ணமும் கூடவே இருந்தது.

அதனால் வடக்கு தனக்கென்று ஒரு போட்டி வைத்துக்கொண்டது. வட நார்வே சாம்பியன்ஷிப் 1929-ல் தொடங்கியது. கிளிம்ட் அதை ஒன்பது முறை வென்றது. ஆனால் அதை வென்றவர்களுக்கு அடுத்த படி என்று ஒன்று இல்லை. எவ்வளவு நன்றாக ஆடினாலும் அங்கேயே முடிந்தது.

போடோவுக்கு ரயில் வந்தது 1962-ல். அடுத்த வருடம், 1963-ல், நார்வே கோப்பையில் வடக்குக் கிளப்புகள் ஆடலாம் என்று கதவு திறந்தது. ரயில் வந்ததால்தான் திறந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'தூரம்' என்ற சாக்கு அந்த வருடங்களில் வலுவிழந்து வந்தது.

லீக் கதவு திறக்க இன்னும் ஒன்பது வருடம் ஆனது. 1972-ல் நார்விக் நகரத்தின் மியோல்னர் கிளப் முதல் டிவிஷனில் ஆடிய முதல் வட நார்வே அணி ஆனது. ஆனால் கதவு பாதிதான் திறந்திருந்தது. அன்றைய ஏற்பாட்டை விளக்க வேண்டும்.

1. இரண்டாம் டிவிஷன் பல குழுக்களாகப் பிரிந்திருந்தது. வடக்குக் கிளப்புகளுக்குத் தனிக் குழு.

2. தெற்குக் குழுக்களில் முதலிடம் பிடித்த அணி நேராக முதல் டிவிஷனுக்கு ஏறிவிடும்.

3. வடக்குக் குழுவில் முதலிடம் பிடித்த அணி ஏறாது. தெற்குக் குழுக்களில் இரண்டாம் இடம் பிடித்தவர்களோடு பிளே-ஆஃப் ஆடி ஜெயித்தால்தான் ஏறலாம்.

அதாவது வடக்கின் முதலிடமும் தெற்கின் இரண்டாமிடமும் ஒன்று என்று விதியே எழுதி வைத்திருந்தது. கிளிம்ட் 1974-ல் தன் குழுவில் முதலிடம் பிடித்தது, பிளே-ஆஃபில் தோற்றது. 1975-லும் முதலிடம், மறுபடியும் பிளே-ஆஃப் தோல்வி. 1976-ல்தான் ஏற முடிந்தது. 'வடக்கைச் சமமாக நடத்துங்கள்' என்ற கோபம் இந்தக் கிளப்பின் ரத்தத்தில் ஊறியது இந்த மூன்று வருடங்களில்தான் என்பது என் கணிப்பு.

1975: இரண்டாம் டிவிஷனிலிருந்து தேசியக் கோப்பை

அந்த நடு வருடத்தை மறுபடி பாருங்கள். 1975-ல் பிளே-ஆஃபில் தோற்று இரண்டாம் டிவிஷனிலேயே தங்கிய அதே அணி, அதே பருவத்தில் நார்வே கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் வார்ட் ஹாகசுன் அணியை 2-0 என்று தோற்கடித்தது. கோப்பையை வடக்கே கொண்டுபோன முதல் கிளப் இதுதான். கதவு திறந்து பன்னிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

அந்த அணியில் ஆடியவர் ஹரால்ட் பெர்க், நெதர்லாந்தில் டென் ஹாக் கிளப்புக்கு ஆடிவிட்டு ஊர் திரும்பியவர். அவருடைய மகன்கள் ஒர்யான், ரூனார், அரில்ட் மூவரும் பின்னாளில் கிளிம்ட்டுக்கு ஆடினார்கள். ஒர்யானின் மகன் பாட்ரிக் பெர்க் இன்றைய அணியின் நடுக்கள ஆட்டக்காரர், கேப்டன். ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறை.

கோப்பை வென்றதால் ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கோப்பையில் ஆடும் வாய்ப்பு வந்தது. அந்தந்த நாட்டுக் கோப்பையை வென்ற அணிகள் ஆடும் போட்டி அது. இப்போது இல்லை. 1976-ல் நாபோலியிடம் இரண்டு ஆட்டங்களிலும் தோல்வி. 1978-ல் மிலான் நகரத்தில் இன்டரிடம் 5-0. வீட்டில் ஆடிய ஆட்டத்தில் 2-1 தோல்வி. இடையில், 1977-ல், முதல் டிவிஷனில் ஆடிய முதல் வருடமே லீக்கில் இரண்டாமிடம், கோப்பையிலும் இறுதி ஆட்டம் வரை. இரண்டிலும் தடுத்தது லில்லெஸ்ட்ரோம்.

ஏறி இறங்கிய வருடங்கள்

1980-ல் முதல் டிவிஷனிலிருந்து இறங்கினார்கள். அப்புறம் இன்னும் கீழே, மூன்றாம் டிவிஷன் வரை. எண்பதுகள் முழுவதும் இருள். 1992-ல் மேலே ஏறும் தகுதி பெற்று, 1993-ல் லீக்கில் இரண்டாமிடமும் கோப்பையும் ஒரே பருவத்தில் வாங்கினார்கள். மறுவருடம் போடோவில் சாம்ப்டோரியாவை 3-2 என்று வென்றார்கள். இத்தாலியில் நடந்த அடுத்த ஆட்டத்தில் 2-0 தோற்று வெளியேறினார்கள்.

1996 கோப்பை இறுதி ஆட்டத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஆஸ்லோவில் மோதிய இரண்டு அணிகளும் வடக்கைச் சேர்ந்தவை: கிளிம்ட்டும் அதன் பரம எதிரியான துரொம்சோவும். துரொம்சோ 2-1 என்று ஜெயித்தது. முப்பத்துமூன்று வருடம் முன்பு வரை இந்த இரண்டு ஊர்க் கிளப்புகளுக்கும் அந்தக் கோப்பையில் நுழைய உரிமையே கிடையாது.

2005, 2009, 2016 என்று மறுபடி மறுபடி இறக்கம். நடுவில் 2010 வாக்கில் கஜானா காலியாகி, வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கவே பணம் இல்லாமல் போனது. ஊர் மக்கள் காலி பாட்டில்களைச் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நார்வேயில் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும், அந்தச் சில்லறை கிளப்புக்குப் போனது. மீனவர்கள் மீன் கொடுத்தார்கள், அதை விற்றுப் பணம் ஆக்கினார்கள். (அந்த வடக்குக் கரையின் மீன் பதனிடும் ஆலைகளில் எண்பதுகளிலிருந்து இலங்கைத் தமிழர்களும் வேலை பார்த்தார்கள் என்பது நம்மில் சிலருக்குக் குடும்பக் கதையாகவே தெரிந்திருக்கும்.) 'சிறு ஊர்க் கிளப்' என்று நாம் சொல்லும்போது அதன் அர்த்தம் இது. வங்கி கைவிட்ட நேரத்தில் தாங்கிப் பிடிக்க ஊர் இருந்தது.

2017-க்குப் பிறகு மாறியது என்ன?

2016-ல் இறங்கிய அணி 2017-ல் இரண்டாம் டிவிஷனை வென்று திரும்பியது. 2018-ல் பதினோராவது இடம். 2019-ல் இரண்டாவது. 2020-ல் கிளப் வரலாற்றில் முதல் லீக் பட்டம். எலீட்டசேரியன் என்று அழைக்கப்படும் நார்வேயின் மேல் டிவிஷனில் 16 அணிகள், 30 ஆட்டங்கள். அந்த வருடம் கிளிம்ட் 26 ஆட்டங்களில் வெற்றி, 3 சமன், 1 தோல்வி. 103 கோல், 81 புள்ளி. நார்வேயில் அதற்கு முன் யாரும் இப்படி ஆடியதில்லை. பிறகு 2021, 2023, 2024 பட்டங்களும் வந்தன.

மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னி வேலை செய்தன.

1. பயிற்சியாளர் ஷெட்டில் குனுட்சன். பெர்கன் நகரத்துக்காரர். பெரிய கிளப் எதிலும் பெயர் எடுக்காமல் 2017-ல் உதவிப் பயிற்சியாளராக வந்து, 2018-ல் தலைமை ஏற்றார். 4-3-3 அமைப்பு (தடுப்பில் நான்கு பேர், நடுவில் மூன்று, முன்னால் மூன்று), ஓயாத ஓட்டம், பந்தை இழந்த நொடியே எதிராளி மேல் பாய்ந்து அழுத்துவது. எதிரில் யார் நின்றாலும் இதை மாற்றுவதில்லை. சிறிய அணிகள் பெரிய அணிகளிடம் பத்து பேரைப் பின்னால் நிறுத்தித் தடுத்து ஆடுவதே வழக்கம். குனுட்சன் அதைச் செய்ய மறுத்தார். 2018-ல் பதினோராவது இடம் வந்தபோதும் கிளப் அவரை அனுப்பவில்லை. ஐரோப்பாவில் பெரும்பாலான கிளப்புகள் அனுப்பியிருக்கும். எல்லாவற்றிலும் முக்கியமான முடிவு என்று நான் நினைப்பது இந்தப் பொறுமையைத்தான்.

2. மனப் பயிற்சி. இங்கேதான் விமானத் தளம் வருகிறது. பியோர்ன் மான்ஸ்வெர்க் போடோ தளத்தில் பணியாற்றிய போர் விமானி. ஆப்கானிஸ்தான், லிபியா பணிகளில் பறந்தவர். அழுத்தத்தில் விமானிகள் நிலைகுலையாமல் இருக்கச் செய்த மனப் பயிற்சியை அவர் 2017 முதல் கிளிம்ட்டுக்குக் கொண்டுவந்தார். தியானம் அதில் ஒரு பகுதி. மற்றொரு பகுதி, தவறை மறைக்காமல் எல்லோர் முன்னாலும் பேசுவது. விமானிகள் ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் அப்படித்தான் உட்கார்ந்து பேசுவார்கள், பதவி வித்தியாசம் பார்க்க மாட்டார்கள். இதன் வெளித்தோற்றத்தை நீங்கள் ஆட்டத்திலேயே பார்க்கலாம்: கோல் வாங்கினால் வீரர்கள் உடனே வட்டமாகக் கூடி நின்று சில நொடி பேசுவார்கள். யாரையும் குற்றம் சொல்வதற்காக அல்ல, என்ன நடந்தது, அடுத்து என்ன செய்வது என்று முடிவு செய்வதற்காக. 'இத்தனாவது இடம், இத்தனை புள்ளி' என்ற இலக்கும் வைப்பதில்லை. இன்றைக்கு ஆட்டத்தை எப்படி ஆடுகிறோம் என்பது மட்டும்தான் பேச்சு.

கிளிம்ட் வீரர் உல்ரிக் சால்ட்னெஸ் இதற்கு நல்ல சாட்சி. ஆட்டத்துக்கு முன் வரும் பதற்றம் வயிற்றைப் படுத்தி எடுத்து, கால்பந்தை விட்டுவிடும் நிலைக்கு வந்தவர். மான்ஸ்வெர்க்கோடு வேலை செய்து மீண்டார். 2025 ஏப்ரலில் யூரோப்பா லீக் (சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்த நிலைப் போட்டி) காலிறுதியில் இத்தாலியின் லாட்சியோவுக்கு எதிராகப் போடோவில் விழுந்த இரண்டு கோல்களும் அவருடையவை.

3. ஊர்ப் பிள்ளைகள். யென்ஸ் பெட்டர் ஹௌகே, பாட்ரிக் பெர்க், பிரெட்ரிக் பியோர்கன் மூவரும் போடோவில் வளர்ந்தவர்கள். மூவரும் பெரிய லீகுகளுக்குப் போனார்கள், ஹௌகே ஏசி மிலானுக்கு, பெர்க் பிரான்சின் லான்ஸுக்கு, பியோர்கன் ஜெர்மனியின் ஹெர்தாவுக்கு. மூவரும் திரும்பி வந்தார்கள். ஹௌகேயையும் பெர்க்கையும் விற்ற பணமும் கிளப்புக்கு வந்தது, அனுபவத்தோடு ஆளும் வந்தது.

ஐரோப்பிய இரவுகள்

2021 அக்டோபர் 21 அன்று, கான்ஃபரன்ஸ் லீக்கில் ஜோசே மொரீன்யோ பயிற்சி கொடுத்த ரோமாவை 6-1 என்று வென்றார்கள். கான்ஃபரன்ஸ் லீக் என்பது சாம்பியன்ஸ் லீக், யூரோப்பா லீக் இரண்டுக்கும் கீழே உள்ள மூன்றாவது ஐரோப்பியப் போட்டி. மொரீன்யோவின் பயிற்சியாளர் வாழ்க்கையில் ஒரே ஆட்டத்தில் ஆறு கோல் வாங்கியது அதுவே முதல் தடவை. அன்று ரோமா பல மாற்று வீரர்களை இறக்கியிருந்தது என்பது உண்மை. ஆனால் அடுத்து ரோமில் 2-2 சமன். அதே பருவத்தில் செல்டிக்கை இரண்டு ஆட்டங்களிலும் தோற்கடித்தார்கள். காலிறுதியில் மறுபடி ரோமாவைப் போடோவில் 2-1 என்று வென்றார்கள். ரோமில் 4-0 தோற்று வெளியேறினார்கள்.

2024-25 யூரோப்பா லீக்கில் இன்னும் தூரம் போனார்கள். போர்ட்டோவைப் பத்து பேரோடு ஆடி 3-2 என்று வென்றார்கள். காலிறுதியில் லாட்சியோவை வீட்டில் 2-0. ரோமில் 3-1 தோற்றாலும் பெனால்டி ஷூட்அவுட்டில் வெற்றி. ஐரோப்பியப் போட்டி ஒன்றின் அரையிறுதிக்கு நார்வே கிளப் போனது அதுவே முதல் தடவை. அங்கே டாட்டன்ஹாம் இரண்டு ஆட்டங்களிலும் வென்று தடுத்தது. 2025 ஆகஸ்டில் ஆஸ்திரியாவின் ஸ்டர்ம் கிராட்ஸை 5-0 என்று வீழ்த்தி, சாம்பியன்ஸ் லீக் முக்கியச் சுற்றுக்குள் முதல் தடவையாக நுழைந்தார்கள்.

குளிரும் செயற்கைப் புல்லும்தான் காரணமா?

தோற்ற அணிகள் அடிக்கடி சொல்வது இது. கிளிம்ட்டின் அஸ்ப்மிரா மைதானத்தின் தரை செயற்கைப் புல். பந்து அதில் வேகமாக உருளும், துள்ளலும் வேறு மாதிரி. கூடவே கடற்காற்று, பனி, நீண்ட பயணம். இதில் உண்மை இருக்கிறது, கிளிம்ட்டுக்கு அது உதவுகிறது.

ஆனால் அது முழுக் காரணம் ஆக முடியாது. வடக்கில் குளிர் நூறு வருடமாக இருக்கிறது. 1978-ல் இன்டர் அதே ஊரில் வந்து ஜெயித்துவிட்டுப் போனது. 2025-ல் டாட்டன்ஹாமும் அதே புல்லில் 2-0 என்று வென்றது. மாட்ரிட்டில் அட்லெடிகோவை வென்றபோது கீழே இருந்தது இயற்கைப் புல், சுற்றிலும் எதிரணி ரசிகர்கள்.

நாட்காட்டி வேறு பாதகமாக இருக்கிறது. நார்வே லீக் வசந்தத்தில் தொடங்கிக் குளிர்காலத்துக்கு முன் முடியும். பிப்ரவரியில் ஐரோப்பிய நாக்-அவுட் ஆட்டங்கள் வரும்போது இத்தாலி, இங்கிலாந்து அணிகள் பருவத்தின் நடுவில் முழு வேகத்தில் இருக்கும். கிளிம்ட் வீரர்கள் லீக் ஆட்டம் இல்லாமல் பயிற்சி முகாமிலிருந்து நேராக வர வேண்டும்.

பணம் யாருடையது?

சாம்பியன்ஸ் லீக் முக்கியச் சுற்றில் நுழைந்தாலே ஒரு கிளப்புக்கு 1.862 கோடி யூரோ. அதற்கு மேல் ஒவ்வொரு வெற்றிக்கும் 21 லட்சம், சமனுக்கு 7 லட்சம். இங்கிலாந்து கிளப்புக்கு இது பெரிய தொகை இல்லை. நார்வேயில் மற்ற கிளப்புகள் எட்ட முடியாத தொகை.

இதன் விளைவு இரண்டு பக்கமும் வெட்டும். ஐரோப்பாவில் கிளிம்ட் ஜெயிக்க ஜெயிக்க ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபாவின் தரவரிசையில் நார்வேக்குப் புள்ளி கூடுகிறது. அது கூடினால் மற்ற நார்வே கிளப்புகளுக்கும் நல்ல இடம் கிடைக்கும். ஆனால் உள்நாட்டில் ஒரே கிளப்பிடம் பணம் குவிந்தால் லீக் சுவாரசியம் இழக்கும். நார்வே இதை ஏற்கெனவே பார்த்திருக்கிறது: ரூசன்போர்க் 1992 முதல் 2004 வரை தொடர்ந்து 13 பட்டங்கள் வென்றது, அதற்குச் சாம்பியன்ஸ் லீக் பணமும் ஒரு காரணம். இப்போதைக்கு அந்த நிலை வரவில்லை. 2025 பட்டத்தை ஸ்டாவாங்கர் நகரத்தின் வைக்கிங் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கிளிம்ட்டிடமிருந்து பறித்தது.

இன்னொரு கேள்வியும் வருகிறது: இவ்வளவு வெற்றி பெற்ற கிளப்பை ஏன் எந்தக் கோடீஸ்வரரும் வாங்கவில்லை? வாங்க முடியாது. நார்வே விளையாட்டு விதிப்படி கிளப் உறுப்பினர்களுடைய சொத்து. தனியார் நிறுவனம் கூட்டுச் சேரலாம், பணம் போடலாம், ஆனால் கட்டுப்பாடு கிளப்பிடமே இருக்க வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. மீன் கொடுத்தவரும் பாட்டில் சேர்த்தவரும் உறுப்பினராக இருந்தால், சாம்பியன்ஸ் லீக் பணத்தை நிர்வகிக்கும் குழுவைத் தேர்ந்தெடுக்க அதே கூட்டத்தில் கை தூக்குவார்கள்.